ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் பின்னால் ஒரு பிழை

முதுகலை இரண்டாம் ஆண்டில் நான் செய்த முதல் ஆய்வு, பின்னணியில் இசை ஒலித்துக்கொண்டிருந்தால் மனப்பாடம் செய்வது கடினமாகிறதா என்பதைப் பற்றியது. 40 பேர் பங்கேற்க ஒப்புக்கொண்டார்கள். முதலில் வந்த 20 பேரை அமைதியான அறையிலும், பின்னர் வந்த 20 பேரை இசை ஒலிக்கும் அறையிலும் உட்காரவைத்து, ஒரே சொற்பட்டியலைப் படிக்கக் கொடுத்து, சிறிது நேரம் கழித்து நினைவில் நின்ற சொற்களை எழுதச் சொன்னேன். அமைதியில் படித்தவர்கள் தெளிவாகவே கூடுதல் சொற்களை எழுதியிருந்தார்கள். அந்த அட்டவணையை மகிழ்ச்சியோடு என் நெறியாளரிடம் நீட்டியபோது, அவர் எண்களைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டார்: "முதலில் வந்தவர்கள் ஏன் முதலில் வந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தாயா?"

நான் யோசித்திருக்கவில்லை. காலையிலேயே வந்தவர்கள் ஆர்வம் மிகுந்தவர்கள். பிற்பகலில் வந்தவர்கள் வகுப்புகளையெல்லாம் முடித்துவிட்டுக் களைப்போடு வந்தவர்கள். இரு குழுக்களுக்கும் இடையே இசை மட்டுமே வேறுபாடு என்று நான் நம்பியிருந்தேன். ஆனால் ஆர்வம், களைப்பு, நாளின் பொழுது ஆகிய மூன்றும் இசையோடு சேர்ந்தே மாறியிருந்தன. என் அட்டவணையிலிருந்த வேறுபாடு எதனால் வந்தது என்பதை இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பங்கேற்பாளர்களைக் குலுக்கல்போலத் தற்செயலாகக் குழுக்களில் சேர்ப்பதைக் குறிக்கும் "சமவாய்ப்பு ஒதுக்கீடு" என்ற சொல்லை அதற்கு முந்தைய ஆண்டுத் தேர்வில் வரையறுத்து எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். வரையறை தெரிந்திருந்தும் அந்தச் சொல் எதற்காகப் பிறந்தது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று முதல், உளவியல் ஆய்வுமுறையின் ஒவ்வொரு கலைச்சொல்லையும் படிக்கும்போது, யார் எந்தப் பிழையில் சிக்கியதால் இந்தச் சொல் தேவைப்பட்டது என்ற கேள்வியோடுதான் படிக்கிறேன். பாடநூல்களின் வரிசையை விட்டுவிட்டு, அந்தக் கேள்வியின் வழியே சில அடிப்படைச் சொற்களை இங்கே எழுத முயல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது அளவிடும் சிக்கல். கோபம், நினைவாற்றல், பதற்றம், தன்மதிப்பு ஆகிய எதையும் கையில் எடுத்து நிறுக்க முடியாது. இரண்டு ஆய்வாளர்கள் "கோபம்" என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்திக்கொண்டே இரண்டு வேறு பொருள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். இதற்கான மருந்துதான் செயல்முறை வரையறை. ஒரு கருத்தை, அதை அளப்பதற்கு நாம் செய்யும் செயல்களைக் கொண்டே வரையறுக்க வேண்டும் என்ற எண்ணம் இயற்பியலிலிருந்து வந்தது. பெர்சி பிரிட்ஜ்மன் 1927-இல் அதை முன்வைத்தார், எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1935-இல் அதை உளவியலுக்குள் கொண்டுவந்தார்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஆல்பர்ட் பண்டூராவும் உடன் பணியாற்றியவர்களும் 1961-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாமும் அப்படி நடந்துகொள்கிறார்களா என்பது கேள்வி; பங்கேற்றவர்கள் 36 சிறுவர்களும் 36 சிறுமியருமாக 72 பேர். "வன்முறை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவர்கள் நகரவில்லை. காற்றடைத்த பொம்மையை மரச்சுத்தியலால் அடிப்பது, அதன் மேல் உட்கார்ந்து மூக்கில் குத்துவது, பெரியவர் சொன்ன கடுஞ்சொற்களைத் திரும்பச் சொல்வது என்று, எந்தச் செயல் கணக்கில் வரும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்தார்கள். ஒருபுறம் மட்டுமே பார்க்கக்கூடிய கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, 20 நிமிடங்களை ஐந்து ஐந்து நொடிகளாகப் பிரித்து, ஒரு குழந்தைக்கு 240 பதிவுகள் எடுத்தார்கள். அந்த வரையறையை ஏற்காதவரும்கூட, என்ன எண்ணப்பட்டது என்பதை ஐயமின்றி அறிந்துகொள்ள முடியும். வாதிடுவதற்கு ஒரு பொதுவான தளம் அங்கே கிடைத்துவிடுகிறது.

வாதம் எழவும் செய்தது. அந்தப் பொம்மையே அடித்தால் சாய்ந்து மறுபடி எழுந்து நிற்கும்படி செய்யப்பட்டது. அதை அடிப்பது விளையாட்டா வன்முறையா? இந்தக் கேள்விதான் நம்மை ஏற்புடைமை என்ற சொல்லுக்கு அழைத்துவருகிறது. ஏற்புடைமையும் நம்பகத்தன்மையும் மாணவர்கள் மிகுதியாகக் குழப்பிக்கொள்ளும் இணை. அன்றாடப் பேச்சில் இரண்டுமே "நம்பலாம்" என்ற ஒரே பொருளைத் தருவதால் இந்தக் குழப்பம் நேர்கிறது என்று நினைக்கிறேன். நம்பகத்தன்மை என்பது அளவீடு நிலையாக இருப்பது: இன்று அளந்தாலும் அடுத்த வாரம் அளந்தாலும், நான் அளந்தாலும் நீங்கள் அளந்தாலும், ஏறத்தாழ ஒரே எண் வர வேண்டும். ஏற்புடைமை என்பது, அளப்பதாகச் சொல்வதைத்தான் அது அளக்கிறதா என்பது. ஒருவருடைய தலையின் சுற்றளவை நாடாவால் அளந்து அதுதான் அவருடைய அறிவுத்திறன் என்று சொன்னால், அந்த அளவீட்டின் நம்பகத்தன்மை மிக உயர்வானது. எத்தனை முறை அளந்தாலும் ஒரே எண்தான் வரும். ஆனால் அதற்கு ஏற்புடைமை கிடையாது. நிலையாகத் தவறு செய்யும் கருவி, தடுமாறும் கருவியைவிட ஆபத்தானது என்பது என் கருத்து. ஏனென்றால் தடுமாற்றம் கண்ணுக்குத் தெரியும், நிலையான தவறு தெரியாது.

கண்ணுக்குத் தெரியாத ஒரு பண்பை அளக்கிறோம் என்று எப்படி நிறுவுவது? லீ கிரான்பாக், பால் மீல் ஆகிய இருவரும் 1955-இல் எழுதிய கட்டுரை இதற்கு அளித்த விடை, ஒரே சோதனையில் முடிந்துவிடாத விடை. பதற்றத்தை அளப்பதாகச் சொல்லும் வினாநிரல், பதற்றத்தோடு தொடர்புள்ளவை என்று கோட்பாடு சொல்லும் மற்ற அளவீடுகளோடு ஒத்துப்போக வேண்டும்; தொடர்பில்லாதவற்றோடு ஒத்துப்போகக் கூடாது. இந்தப் பிணைப்புகள் ஒவ்வொன்றாகச் சேரச் சேரத்தான் ஏற்புடைமை வலுப்பெறுகிறது. ஆகவே "ஏற்புடைமை நிறுவப்பட்ட வினாநிரல்" என்று ஆய்வேடுகளில் ஒரே வரியில் கடந்துபோவதைப் பார்க்கும்போது, எந்த மக்களிடம், எந்த நோக்கத்துக்காக நிறுவப்பட்டது என்று கேட்கத் தோன்றுகிறது.

ஸ்டீவன்ஸ் 1946-இல் வகுத்த நான்கு அளவுநிலைகளைப் பற்றி ஓரிரு வரிகள் போதும். பெயரளவு வகைப்படுத்த மட்டுமே உதவும். வரிசை அளவு முன்பின் சொல்லும். இடைவெளி அளவில் தூரங்கள் சமமாக இருக்கும். விகித அளவில் உண்மையான சுழியும் இருக்கும். 40 டிகிரி செல்சியசு 20 டிகிரியைப் போல இரு மடங்கு வெப்பம் அன்று. ஆனால் 40 நொடி 20 நொடியைப் போல இரு மடங்கு. "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரையிலான விடைகளுக்கு எண் கொடுத்துச் சராசரி எடுக்கலாமா என்ற விவாதம் இன்றும் முடியவில்லை.

அடுத்தது மாறிகள். தமிழ்ச் சொற்கள் இங்கே நமக்குப் பேருதவி செய்கின்றன: ஆய்வாளர் தாமே மாற்றுவது சாரா மாறி, அதைச் சார்ந்து மாறுகிறதா என்று பார்க்கப்படுவது சார்ந்த மாறி. சொல்லிலேயே வரையறை இருக்கிறது. எலிசபெத் லாஃப்டசும் ஜான் பாமரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வை இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன், ஏனென்றால் அதில் மாற்றப்பட்டது ஒரே ஒரு வினைச்சொல். 45 மாணவர்கள் கார் விபத்துப் படத்துண்டுகளைப் பார்த்தார்கள். பிறகு கார்கள் என்ன வேகத்தில் சென்றன என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. சிலரிடம் கார்கள் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும், சிலரிடம் "தொட்டுக்கொண்டபோது" என்ன வேகம் என்றும், மற்றவர்களிடம் இடைப்பட்ட வேறு சொற்களிலும் கேட்டார்கள். "நொறுங்கிய" என்று கேட்கப்பட்டவர்களின் சராசரி மதிப்பீடு மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல். "தொட்டுக்கொண்ட" என்று கேட்கப்பட்டவர்களின் மதிப்பீடு ஏறத்தாழ 32 மைல். கேள்வியின் சொல் சாரா மாறி; சொல்லப்பட்ட வேகம் சார்ந்த மாறி.

இவ்வளவோடு நின்றிருந்தால், சொல் நினைவை மாற்றியதா, அல்லது வாயில் வந்த எண்ணை மட்டும் மாற்றியதா என்று தெரிந்திருக்காது. ஆகவே 150 பேரைக் கொண்டு இரண்டாவது சோதனை நடத்தினார்கள். 50 பேரிடம் "நொறுங்கிய" என்ற சொல்லிலும், 50 பேரிடம் மிதமான "மோதிய" என்ற சொல்லிலும் வேகம் கேட்கப்பட்டது. மீதி 50 பேரிடம் வேகமே கேட்கப்படவில்லை. ஒரு வாரம் கழித்து, படத்தில் உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று எல்லோரிடமும் கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடி இல்லை. முதற்குழுவில் 16 பேரும், இரண்டாம் குழுவில் 7 பேரும், எதுவும் கேட்கப்படாத குழுவில் 6 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். அந்த 6 என்ற எண்தான் கட்டுப்பாட்டுக் குழுவின் பயன். அது இல்லாவிட்டால், "மோதிய" என்ற சொல்தான் 7 பேருக்கு இல்லாத கண்ணாடியைக் காட்டியது என்று எழுதியிருப்போம். எந்தச் சொல்லும் தூண்டாமலேயே ஏறத்தாழ அத்தனை பேர் அப்படித்தான் சொல்வார்கள் என்பதைக் கட்டுப்பாட்டுக் குழு காட்டிவிட்டது.

சாரா மாறியை ஆய்வாளர் மாற்ற முடியாத இடங்களில், இருப்பதை இருந்தபடியே அளந்து இரண்டும் சேர்ந்து மாறுகின்றனவா என்று பார்க்கிறோம். அதுதான் ஒட்டுறவு. இந்தச் சொல்லில் "உறவு" என்று இருப்பதாலேயே, ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்ற எண்ணம் தமிழில் எளிதாக நுழைந்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் காலணி அளவையும் வாசிக்கும் திறனையும் அளந்தால் நல்ல ஒட்டுறவு கிடைக்கும். பெரிய காலணி வாங்கிக் கொடுத்தால் குழந்தை நன்றாக வாசிக்காது. வயது என்ற மூன்றாவது மாறி இரண்டையும் சேர்த்தே வளர்க்கிறது. இப்படி, நாம் ஆராயும் மாறியோடு ஒட்டிக்கொண்டு வந்து முடிவைத் திரித்துவிடும் மாறியைக் குழப்பும் மாறி என்கிறோம். என் ஆய்வில் களைப்பு அப்படிப்பட்ட ஒன்று. திசையும் ஒரு சிக்கல்தான்: தனிமையில் இருப்பவர்கள் கைப்பேசியை மிகுதியாகப் பார்க்கிறார்கள் என்றால், கைப்பேசி தனிமையைத் தந்ததா, தனிமை கைப்பேசியைத் தேடவைத்ததா என்பதை ஒட்டுறவின் எண் சொல்லாது. அதற்காக ஒட்டுறவு ஆய்வுகளை ஒதுக்கிவிடுவதும் தவறு. குழந்தைப் பருவத்துக் கொடுமைகளின் விளைவைச் சோதனைக்கூடத்தில் உருவாக்கிப் பார்க்க எவருக்கும் உரிமை இல்லை. அங்கே நமக்கிருக்கும் நேர்மையான வழி அதுதான்.

குழப்பும் மாறிகளை எதிர்கொள்ளும் வலுவான கருவி சமவாய்ப்பு ஒதுக்கீடு. யார் எந்தக் குழுவுக்குப் போவது என்பதை ஆய்வாளரும் பங்கேற்பாளரும் தீர்மானிக்காமல், நாணயமோ சமவாய்ப்பு எண்களோ தீர்மானிக்க வேண்டும். அப்போது ஆர்வமும் களைப்பும், நம் கற்பனைக்கே எட்டாத வேறு ஆயிரம் பண்புகளும், எந்தக் குழுவின் பக்கமும் திட்டமிட்டுச் சாய்வதில்லை. நமக்குத் தெரியாத குழப்பும் மாறிகளைக்கூட இது சமன்செய்ய முயல்கிறது என்பதுதான் என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

இதே "சமவாய்ப்பு" என்ற முன்னொட்டோடு இன்னொரு சொல்லும் இருக்கிறது: சமவாய்ப்புக் கூறெடுப்பு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான், நான் பார்த்தவரை, ஆய்வேடுகளில் மிகுதியாகக் காணப்படும் பிழை. கூறெடுப்பு என்பது, நாம் அறிய விரும்பும் மக்கள் அனைவரும் அடங்கிய முழுமைத் தொகுதியிலிருந்து யார் ஆய்வுக்குள் வருகிறார்கள் என்பது; அப்படி வந்தவர்களே கூறு. ஒதுக்கீடு என்பது வந்தவர்கள் எந்தக் குழுவில் அமர்கிறார்கள் என்பது. முன்னது முடிவை யாருக்குப் பொதுமைப்படுத்தலாம் என்பதோடு தொடர்புடையது. பின்னது காரண விளைவைச் சொல்லலாமா என்பதோடு தொடர்புடையது. டொனால்டு கேம்பெலும் ஜூலியன் ஸ்டான்லியும் 1963-இல் புற ஏற்புடைமை (பொதுமைப்படுத்தலாமா) என்றும் அக ஏற்புடைமை (காரண விளைவைச் சொல்லலாமா) என்றும் பிரித்தது இந்த இரண்டு கேள்விகளைத்தான். ஒன்றில் சிறந்த ஆய்வு மற்றொன்றில் மிகவும் பலவீனமாக இருக்க முடியும்.

கூறின் பருமன் இந்தப் பலவீனத்தைச் சரிசெய்துவிடாது. 1936-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, ரூஸ்வெல்டை எதிர்த்துப் போட்டியிட்ட லேண்டன் வெல்வார் என்று அறிவித்தது. 48 மாநிலங்களில் 46-இல் ரூஸ்வெல்ட் வென்றார். தொலைபேசி, கார் ஆகியவற்றின் உரிமையாளர் பட்டியல்களிலிருந்து பெருமளவு பெயர்களை எடுத்ததும், விருப்பமுள்ளவர்கள் மட்டுமே பதில் அனுப்பியதும் கூறைச் சாய்த்துவிட்டன. உளவியலின் சாய்வு இன்னும் பழையது, இன்னும் ஆழமானது. ஜெஃப்ரி ஆர்நெட் 2008-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, முன்னணி அமெரிக்க உளவியல் இதழ்கள் ஆறில் வந்த ஆய்வுகளின் கூறுகளில் 68 விழுக்காடு அமெரிக்காவிலிருந்தும், மொத்தம் 96 விழுக்காடு மேற்கத்தியத் தொழில்வள நாடுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. 2010-இல் ஜோசப் ஹென்ரிக்கும் இணை ஆசிரியர்களும், அந்த நாடுகளில் வாழ்வது உலக மக்கள்தொகையில் 12 விழுக்காட்டினர்தான் என்பதைச் சுட்டிக்காட்டி, "மனிதர்கள் இப்படித்தான்" என்று எழுதும் பழக்கத்தையே கேள்விக்கு உட்படுத்தினார்கள். உளவியல் படிக்கும் எவரும் ஒரு கட்டுரையின் முடிவுரைக்கு முன்னால் அதன் கூறு பற்றிய பத்தியைப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சராசரிக்குத் திரும்புதல் என்ற கருத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பதற்ற மதிப்பெண் மிக உயர்ந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒரு பயிற்சி கொடுத்து, மறுபடி அளந்தால், பயிற்சியால் எந்தப் பயனும் இல்லாவிட்டாலும் அவர்களின் சராசரி இறங்கியிருக்கும். முதல் அளவீட்டின்போது தற்செயலாக மோசமான நாளில் இருந்தவர்கள் அந்தக் குழுவில் மிகுதியாகச் சேர்ந்திருப்பார்கள் என்பதே காரணம். பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லாத "முன்னும் பின்னும்" ஆய்வுகளை நான் நம்பத் தயங்குவது இதை அறிந்த பிறகுதான்.

ஆய்வாளரின் எதிர்பார்ப்பே முடிவை உருவாக்கிவிடும் என்பதைக் கற்றுக்கொடுத்தது ஒரு குதிரை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஹான்ஸ் என்ற தம் குதிரைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். கேள்வி கேட்டால் அது குளம்பைத் தட்டி விடை சொல்லும். 1904-இல் ஆராய்ந்த குழு அதில் மோசடி எதையும் காணவில்லை. மோசடி உண்மையிலேயே இல்லை. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற இளம் ஆய்வாளர் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, 1907-இல் முடிவை வெளியிட்டார். கேட்பவருக்கு விடை தெரிந்திருந்தால் குதிரைக்கும் தெரிந்தது. கேட்பவருக்குத் தெரியாவிட்டாலோ, அவரைக் குதிரை பார்க்க முடியாவிட்டாலோ, விடை தவறியது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையும் உடலும் அவரறியாமலேயே நுட்பமாக அசைந்தன. அந்த அசைவைக் கண்டதும் குதிரை தட்டுவதை நிறுத்தியது. ஃபான் ஓஸ்டன் நேர்மையானவர் என்பதுதான் இந்தக் கதையின் கனம். நேர்மை மட்டும் ஆய்வைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ராபர்ட் ரோசந்தாலும் கெர்மிட் ஃபோடும் 1963-இல் வெளியிட்ட ஆய்வு இதையே சோதனைக்கூடத்துக்குள் காட்டியது. வேறுபாடற்ற எலிகளுக்குச் சமவாய்ப்பில் "கெட்டிக்காரவை", "மந்தமானவை" என்று பெயரிட்டு மாணவர்களிடம் கொடுத்தபோது, கெட்டிக்காரவை என்று சொல்லப்பட்ட எலிகளே புதிர்ப்பாதையில் சிறப்பாகக் கற்றன. மறுபக்கத்தில், பங்கேற்பாளரும் ஆய்வாளர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஊகித்து அதற்கேற்ப நடந்துகொள்ளலாம் என்பதை மார்ட்டின் ஆர்ன் 1962-இல் விளக்கினார். இவ்விரு பிழைகளுக்கும் சேர்த்துக் கிடைத்த தீர்வு இரட்டை மறைப்பு: யார் எந்தக் குழு என்பது பங்கேற்பாளருக்கும் தெரியக் கூடாது, அளப்பவருக்கும் தெரியக் கூடாது.

இனி, மிகுதியாகப் பயன்படுத்தப்பட்டு மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பி-மதிப்புக்கு வருகிறேன். இதை விளக்க ரொனால்டு ஃபிஷர் 1935-இல் எழுதிய எடுத்துக்காட்டைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை. கோப்பையில் முதலில் ஊற்றப்பட்டது பாலா தேநீரா என்பதைச் சுவைத்தே சொல்லிவிடுவேன் என்கிறார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில், சமவாய்ப்பு வரிசையில் கொடுக்கப்படுகின்றன. அவருக்கு எந்தத் திறனும் இல்லை, வெறுமனே ஊகிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதுதான் இன்மைக் கருதுகோள். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உள்ளன. எல்லாவற்றையும் ஊகத்தாலேயே சரியாகச் சொல்லும் வாய்ப்பு 70-இல் 1, அதாவது ஏறத்தாழ 0.014. நான்கில் மூன்றையாவது சரியாகப் பிடிக்கும் வாய்ப்போ 70-இல் 17, அதாவது ஏறத்தாழ 0.24. முழுவதும் சரியாகச் சொன்னால் ஊகம் என்ற எண்ணத்தை நாம் கைவிடலாம். மூன்றை மட்டும் சரியாகச் சொன்னால் கைவிட முடியாது.

ஆக, பி-மதிப்பு சொல்வது இவ்வளவுதான்: இன்மைக் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால், நாம் கண்ட அளவிலோ அதைவிட மிகையாகவோ ஒரு முடிவு கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு. இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அது சொல்வதில்லை. விளைவு பெரியதா சிறியதா என்பதையும் சொல்வதில்லை. பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் இன்மைக் கருதுகோளைக் கைவிடலாம் என்ற எல்லைக்கோடு ஃபிஷர் 1925-இல் வசதிக்காகச் சொன்னது. இயற்கையில் அப்படியொரு கோடு இல்லை. அந்தக் கோட்டைத் தாண்டிய முடிவைக் குறிக்க "புள்ளியியல் முக்கியத்துவம்" என்று நாம் பெயர்த்துக்கொண்ட சொல்லில்தான் எனக்கு வருத்தம். முக்கியத்துவம் என்றதும் படிப்பவர் மனத்தில் "பெரிய செய்தி" என்ற பொருள் வந்து அமர்ந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கானோரை அளந்தால், வாழ்க்கையில் எவரும் உணராத மிகச் சிறிய வேறுபாடும் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். ஆகவே விளைவு அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரு சராசரிகளின் வேறுபாட்டை, மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கத்தால் வகுத்துப் பெறும் எண்ணுக்கு 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்று ஜேக்கப் கோஹன் அடையாளம் வைத்தார்; வேறு வழிகாட்டல் இல்லாதபோதுதான் இவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்று அவரே எச்சரித்ததை நாம் மறந்துவிடுகிறோம்.

இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்வது முதல் வகைப் பிழை. இருக்கும் விளைவைக் காணத் தவறுவது இரண்டாம் வகைப் பிழை. இருக்கும் விளைவைக் காணக்கூடிய வாய்ப்புக்கு ஆய்வின் திறன் என்று பெயர். நடுத்தர விளைவொன்றை 80 விழுக்காடு வாய்ப்போடு காண, 0.05 எல்லையில், இரு குழு ஒப்பீட்டுக்குக் குழு ஒன்றுக்கு 64 பேர் வேண்டும். நான் என் ஆய்வை அடுத்த பருவத்தில் புதிதாக 40 பேரைக் கொண்டு, மூடிய உறைகளில் எண் எழுதிச் சமவாய்ப்பில் ஒதுக்கி மறுபடி செய்தேன். வேறுபாடு சுருங்கிவிட்டது, பி-மதிப்பு எல்லைக்கோட்டுக்குக் கீழே வரவில்லை. "இசையால் பாதிப்பு இல்லை" என்று எழுதிவிட்டேன். நெறியாளர் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டார். குழுவுக்கு 20 பேர் இருக்கும்போது நடுத்தர விளைவைக் காணும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குதான் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, அவர் ஏன் அடித்தார் என்பது விளங்கியது. சான்று இல்லை என்பதற்கும், இல்லை என்பதற்குச் சான்று இருக்கிறது என்பதற்கும் இடையிலான தூரம் மிகப் பெரியது.

இந்தச் சொற்களையெல்லாம் ஒரு துறையே சேர்ந்து அலட்சியப்படுத்தினால் என்ன நேரும் என்பதை 2015-இல் பார்த்தோம். பிரயன் நோசெக் ஒருங்கிணைத்த முயற்சியில், வெளியான 100 உளவியல் ஆய்வுகள் மீண்டும் செய்து பார்க்கப்பட்டன. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு எல்லைக்கோட்டைத் தாண்டியவை. மீள்சோதனையில் தாண்டியவை 36 விழுக்காடு. விளைவு அளவுகள் சராசரியாகப் பாதியாகக் குறைந்தன. யாரும் எண்களைக் கற்பனையாக எழுதியிருக்க வேண்டியதில்லை. ஜோசப் சிம்மன்சும் உடனெழுதியோரும் 2011-இல் காட்டியபடி, எத்தனை பேரோடு நிறுத்துவது, எந்த மாறியைச் சொல்வது, எந்தக் குழுவை விடுவது போன்ற சிறு முடிவுகளைத் தரவைப் பார்த்த பிறகு எடுத்தாலே, 5 விழுக்காடாக இருக்க வேண்டிய முதல் வகைப் பிழை 60 விழுக்காட்டைத் தாண்டிவிடும். அந்த வழியிலேயே, ஒரு பாடலைக் கேட்டவர்களின் வயது ஒன்றரை ஆண்டு குறைந்தது என்ற முடிவை அவர்களே எடுத்துக் காட்டினார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டாத ஆய்வுகள் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடுகின்றன என்று ரோசந்தால் 1979-இலேயே எழுதியிருந்தார். கருதுகோளையும் பகுப்பாய்வுத் திட்டத்தையும் தரவு சேர்ப்பதற்கு முன்பே தேதியோடு பொதுவில் பதிந்துவைக்கும் முன்பதிவு முறை இந்தப் பிழைகளுக்குப் பிறந்த அண்மைச் சொல். கருதுகோள் என்பதே முன்னால் கருதிக்கொள்வதுதான். முடிவைப் பார்த்துவிட்டு எழுதுவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அறநெறிச் சொற்களைப் பாடநூல்கள் கடைசி இயலில் வைப்பதால் அவை சடங்காகத் தோன்றிவிடுகின்றன. ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருப்பவை மனிதர்கள் பட்ட துன்பங்கள். 1920-இல் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைக்கு, இரும்புக் கம்பியை அடித்து எழுப்பிய பேரொலியால் வெள்ளெலியைக் கண்டு அஞ்சக் கற்பித்தார்கள். அந்த அச்சத்தைப் போக்காமலேயே ஆய்வு முடிந்தது. ஸ்டான்லி மில்கிராம் 1963-இல் வெளியிட்ட ஆய்வில் 40 பேரில் 26 பேர், மற்றொருவருக்கு 450 வோல்ட் மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பிக்கொண்டே கடைசி விசை வரை சென்றார்கள். வியர்த்து நடுங்கியபடி சென்றவர்கள் அவர்களில் பலர். அறிந்து அளிக்கும் ஒப்புதல், எந்த நிலையிலும் விலகும் உரிமை, ஆய்வு முடிந்ததும் உண்மையை விளக்கிச் சொல்லும் கடமை ஆகியவை இத்தகைய அனுபவங்களின் பின்னணியில்தான் கண்டிப்பான விதிகளாயின. ஆய்வுக்கு "உட்படுத்தப்பட்டவர்" என்று எழுதுவதைத் தவிர்த்துப் "பங்கேற்பாளர்" என்று எழுதும்படி அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக்கையேடு 1994-ஆம் ஆண்டுப் பதிப்பில் பரிந்துரைத்தது. என் முதல் அறிக்கையில் நான் எழுதியிருந்தது பழைய சொல்லைத்தான், இரண்டாவதில் மாற்றிக்கொண்டேன்.

அந்த இரண்டாவது ஆய்வின் முடிவில், ஒவ்வொருவருக்கும் நோக்கத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, இசை அறையில் அமர்ந்திருந்த ஒருவர் கேட்டார்: "அப்படியென்றால், எனக்கு இவ்வளவு குறைவாக நினைவிருந்ததற்கு இசைதான் காரணமா?" இரு குழுக்களின் சராசரிகளை மட்டுமே ஆய்வு ஒப்பிடுகிறது, அமைதியான அறையில் அமர்ந்திருந்தால் அவர் எத்தனை சொற்களை எழுதியிருப்பார் என்பதை எந்த எண்ணாலும் சொல்ல முடியாது என்று விளக்கினேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, தம்மை வேறொரு நாள் அமைதியான அறையில் உட்காரவைத்து அளந்தால் தெரிந்துவிடுமே என்றார். ஒரே நபரை இரு நிலைகளிலும் அளக்கும் வடிவமைப்புக்குத் தனிப்பெயர் உண்டு, அதற்கே உரிய பிழைகளும் உண்டு. முதல் முறை படித்த அனுபவம் இரண்டாம் முறைக்கு உதவிவிடும், அதனால்தான் பாதிப் பேரை அமைதியிலும் மீதிப் பேரை இசையிலும் தொடங்கவைத்து வரிசையைச் சமன்செய்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினேன். அடுத்த பங்கேற்பாளர் வந்து கதவைத் தட்டும் வரை நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.